மேசையில் வைக்கப்பட்ட கோரிக்கை

ஜனவரி 12

அன்பு மருமகள் குருவிக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, என் மச்சினனாகிய உன் சித்தப்பா மூவரும் சுகம். என் இடது காது மட்டும் சுகமில்லை. வலது காதும் அதோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. தகர டப்பா ஆலைச் சத்தத்தை முப்பத்தொரு வருடம் கேட்ட காதுகள், இனிக் கேட்க என்ன இருக்கிறது என்று ஓய்வு எடுத்துக்கொண்டன. போனில் நீ பேசினால் டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஆகையால் கடிதமே எழுது.

நீ அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் சேர்ந்த செய்தியை ஸ்டோர் ரூம் வாசலில் நின்று அறிவித்தேன். கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இது ரத்தத்தில் வருவது. எட்டாம் வகுப்புச் சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசாக வாங்கிய ஆங்கில-தமிழ் அகராதி இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டேன், அதை விடவில்லை. ஆலையில் என் சொந்தப் பெயரே பலருக்கு மறந்துபோய்விட்டது. எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ அங்கே அகராதி செய்கிறாய், நான் இங்கே அகராதியாகவே நடமாடுகிறேன்.

போன வருடம் ஆலை கை மாறியது தெரியுமல்லவா? புது முதலாளிகள் கடல் கடந்தவர்கள். நோட்டீஸ் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது. தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நான் வாசித்து அர்த்தம் சொன்னால்தான் வேலையே நகரும். இப்போது ஒரு மனு போட்டிருக்கிறோம். உன் சித்தப்பா மூடி வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ், ஒரு தடவை மிதித்தால் சில நேரம் இரண்டு தடவை இறங்குகிறது. கையை மறைக்க ஒரு கம்பி வலை வேண்டும் என்று நானே ஆங்கிலத்தில் எழுதினேன். படித்தவர்கள் கண் கலங்கினார்களாம். பதில் வரும்வரை நாலாம் நம்பரில் யாரும் உட்காருவதில்லை என்று முடிவு.

குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் காதாவது நன்றாக இருக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா

பாப்பா, இது சித்தப்பா. கை தட்டியது மூன்று பேர். அதில் ஒருவர் கொசு அடித்தார். அகராதி என்று கூப்பிடுவது மட்டும் உண்மை.


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

குருவி வணக்கத்துடன் எழுதுவது. நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்தப்பா கடைசியில் எழுதும் வரிக்காகவே நான் உங்கள் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அறையில் ஆறு மேசைகள், ஒரே ஜன்னல். பத்திரிகைகளையும் மக்கள் பேசிய பதிவுகளையும் படித்து, எந்தச் சொல் தன் பழைய அர்த்தத்தை விட்டு நகர்ந்திருக்கிறது என்று குறிப்பதுதான் என் வேலை. ‘சிக்’ என்றால் நோய் என்று படித்தோமே, இன்றைய பிள்ளைகள் பிரமாதம் என்பதற்கு அதைச் சொல்கிறார்கள். ‘டெரிஃபிக்’ ஒரு காலத்தில் நடுங்க வைப்பது, இன்று பாராட்டு. ‘நைஸ்’ என்றால் பல நூறு வருடம் முன்பு முட்டாள் என்று பொருள். ‘லிட்டரலி’ என்றால் சொன்னது சொன்னபடி. ஆனால் ‘லிட்டரலி செத்துட்டேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அதையும் ஓர் அர்த்தமாகச் சேர்த்தாயிற்று.

முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இதைத் தடுக்க வேண்டாமா?” என்று பிரிவுத் தலைவியிடம் கேட்டேன். அவர், “நாம போலீஸ் இல்லம்மா, வருகைப் பதிவு எடுக்கிறவங்க. வந்தவங்க பேரை எழுதிக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மனுவுக்குப் பதில் வந்ததா?

அன்புடன்,
குருவி


பிப்ரவரி 9

அன்பு மருமகளுக்கு,

இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். நோய் என்றால் பிரமாதமா? செத்தேன் என்றால் சாகவில்லையா? ஒரு மொழியை இப்படித் திறந்த வீடாகப் போட்டுவிட்டு, உள்ளே வருகிறவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? போன வருடம் பழைய மேனேஜர் விடைபெறும்போது என் தோளைத் தட்டி ‘நைஸ் மேன்’ என்றார். அதை நான் இதுவரை இருநூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். உன் அத்தையிடம் விவரம் சொன்னேன். “அவர் பழைய அர்த்தத்துலதான் சொல்லியிருப்பாரு” என்றாள்.

போகட்டும். நல்ல செய்திக்கு வருகிறேன். பதில் வந்துவிட்டது. எங்கள் கோரிக்கை ‘டேபிள்’ செய்யப்பட்டிருக்கிறது. என் அகராதியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன். டேபிள், வினைச்சொல்: விவாதத்திற்காகச் சபைமுன் வைத்தல். பெட்டிமேல் ஏறிச் சொன்னேன்: “இருபதடி நீள மேசை. பன்னிரண்டு முதலாளிங்க. ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணி. நடுவுல நம்ம மனு மட்டும் இருக்கு. வேற பேச்சே இல்ல.”

“அப்ப வலை எப்ப வரும், மாமா?” என்றான் உன் சித்தப்பா.

“மேசைக்கு வந்தது மெஷினுக்கு வராதா? வேலையைப் பாருடா” என்றேன்.

மறுநாள் காலை முதல் நாலாம் நம்பர் ஓடுகிறது. என் ஒரு சொல்லுக்கு எழுபது பேர் கட்டுப்பட்டார்கள் என்பதை உன் அலுவலகத்தில் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா

பாப்பா, நோட்டீஸில் பன்னிரண்டு பேரும் இல்லை, தண்ணீர் கிளாஸும் இல்லை. ஒரே ஒரு வரிதான். ஆனாலும் உன் மாமா பெட்டிமேல் நின்று சொன்னால் நம்பத்தான் தோன்றுகிறது.


பிப்ரவரி 23

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். என் வேலைக்காகத்தான், வேறொன்றுமில்லை.

நோட்டீஸில் இருந்த சொல் ‘டேபிள்ட்’ என்பதுதானா? ஒரு முறை போர்டில் பார்த்து எழுதுங்கள். இரண்டாவது, புது முதலாளிகளின் ஆட்கள் யாராவது அங்கே வந்தால் லிஃப்டை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

சித்தப்பா நாலாம் நம்பரில்தான் உட்காருகிறாரா? கொஞ்ச நாள் வேறு மெஷினில் இருக்க முடியாதா?

உடனே பதில் போடுங்கள்.

அன்புடன்,
குருவி


மார்ச் 8

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் சுகம். உன் அலுவலகத்தில் ஒரு சந்தேகம் என்றதும் முதலில் என் நினைவு வந்திருக்கிறது பார். போர்டில் மறுபடி பார்த்தேன். டேபிள்ட் என்பதேதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன்.

லிஃப்ட் கதையை நீ கேட்டது என் அதிர்ஷ்டம். அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் ஜனவரியில் வந்தார். ஆறடிக்கு மேல் இருப்பார். நான் நிமிர்ந்து பேசியதில் அவரே குனிந்துவிட்டார். லிஃப்டை ‘எலிவேட்டர்’ என்றார். “சார், அதுக்குப் பேரு லிஃப்ட்” என்று திருத்தினேன். அசந்துபோனார். சாவியோடு முதல் மாடிக்கு வரச் சொன்னார். நான் மாடியில் ஒரு மணி நேரம் நிற்கிறேன், ஆளே இல்லை. பார்த்தால் கீழே தரையில் நின்றுகொண்டு என்னைத் தேடுகிறார். அவர்கள் ஊரில் தரைதான் முதல் மாடியாம். எனக்குப் பகீரென்றது. தரை எது, மாடி எது என்று தெரியாதவர்கள் கையில் ஆலை போயிருக்கிறதே.

உன் சித்தப்பாவை வேறு மெஷினுக்கு மாற்றுவானேன்? மேசையில் இருக்கிற காரியம் எந்த நிமிடமும் முடியலாம்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா

பாப்பா, போன வாரம் மட்டும் மூன்று முறை ஒரே மிதிக்கு இரண்டு தடவை இறங்கிவிட்டது. கையை எடுத்துவிட்டேன். மாமா, “மேசையில இருக்குடா, பொறு” என்கிறார். பொறுத்திருக்கிறேன்.


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை, மன்னியுங்கள்.

டேபிள் என்ற வினைச்சொல்லுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அர்த்தங்கள் உண்டு. உங்கள் அகராதியில் இருப்பது சரிதான். லிஃப்டை லிஃப்ட் என்கிற ஊர் ஆங்கிலத்தில் விவாதத்திற்கு எடுத்தல் என்றே பொருள். ஆனால் லிஃப்டை எலிவேட்டர் என்பவர்களின் ஆங்கிலத்தில், பேச்சே எடுக்காமல் ஒதுக்கி வைத்தல் என்று பொருள். உங்கள் மனுவை யாரும் விவாதிக்கவில்லை, மாமா. கிடப்பில் போட்டிருக்கிறார்கள். வலை வராது.

தவறு உங்களுடையது அல்ல, சொல்லுடையது. ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே எல்லோரிடமும் சொல்லுங்கள். நாலாம் நம்பர் அதற்குப் பிறகு ஒரு மிதிகூட மிதிக்கப்படக் கூடாது.

அன்புடன்,
குருவி


ஏப்ரல் 12

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஏறிவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டு, நானே சிமென்ட் குழைத்து அடைத்தேன். பார்த்த கொத்தனார் என்னிடம் வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பூனை நம் அலமாரியில் நாலு குட்டி போட்டிருக்கிறது. அத்தை திட்டிக்கொண்டே பால் வைக்கிறாள்.

மெஷின் விஷயம் முடிந்தது. உன் கடிதத்தைப் படித்த கணமே ஸ்டோர் ரூமிலிருந்து பாய்ந்து ஓடி “நிறுத்து” என்று நான் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்ததாம். அதே நொடியில் பிரஸ் இரண்டாம் தடவை இறங்கியது. கையுறையில் மூடி அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. கை அதற்குள் இல்லை. மூக்கைச் சொறிவதற்காக அப்போதுதான் உன் சித்தப்பா உருவியிருந்தான். அந்தக் கையுறையைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வலை போட்டாயிற்று. ஆறு பிரஸ்ஸுக்கும்.

நீ கவலைப்படாமல் உன் வேலையைப் பார்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா


ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியில் சித்தப்பா வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்பக்கம் பார்த்தேன். ஒருநாளும் அவர் எழுதாமல் இருந்ததில்லை. நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் ஒரு வரியில் தரையிறக்குவாரே, இந்தக் கையுறைக் கதைக்கு ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?

அத்தைக்குப் போன் செய்தேன். “அவரே எழுதட்டும்டி. நான் சொல்லிட்டா, அவரு சொல்லாமலே விட்டுடுவாரு” என்றார்.

எழுதுங்கள், மாமா.

குருவி


மே 10

குருவிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை எழுதவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து படித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் நாலு தடவை படித்தேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை என் அகராதியில் மறுபடி பார்த்தேன். அது பழைய பதிலையே சொன்னது. பெட்டிமேல் ஏறி எழுபது பேர் முன்னால் சொன்னவன், எந்த வாயால் மாற்றிச் சொல்வது? நாளைக்கு, பக்குவமாக, என் தவறு தெரியாத மாதிரி ஒரு கதை கட்டிச் சொல்லலாம் என்று இருந்தேன். கதை கூடத் தயாராகிவிட்டது.

புதன்கிழமை காலை பத்தரை. ஒரு மிதி, இரண்டு இறக்கம். உன் சித்தப்பாவின் வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன.

நான் பாயவில்லை. கத்தவில்லை. அவன் அலறியது எனக்குக் கேட்கவே இல்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றதில் தரையின் அதிர்வு அடங்கியது. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். உன் கடிதம் அப்போதும் என் பையில் இருந்தது.

அவன் மூக்கைச் சொறிந்ததாக எழுதியது, அப்படி நடந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தது.

மறுநாள் யாரும் மெஷினைத் தொடவில்லை. நான் பெட்டிமேல் ஏறி உன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். அது என்றைக்கு வந்தது என்பதையும் சொன்னேன். நெட்டையன் என்று ஒருவன், மூன்றாம் நம்பர் பிரஸ்காரன், என் அருகில் வந்து, வலது காதுக்கு நேராக, “அகராதி, எறங்கு” என்றான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது பட்டம் இல்லை. அகராதி பிடித்தவன் என்று சொல்வார்களே, அந்த அகராதி. இத்தனை வருடமும் திமிர் பிடித்தவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ‘வரேன்’ என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இறங்கினேன்.

ஆறு பிரஸ்ஸுக்கும் வலை போட்டது மட்டும் உண்மை. ஒன்பது நாள் ஆலை நின்ற பிறகு போட்டார்கள். உன் சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். என்னோடு பேசுவதில்லை. நான் தட்டில் சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறான்.

மாமா


மே 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மேசையில் வைத்துப் படிக்க முடியவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து படித்தேன். பிரிவுத் தலைவி என்னைத் தேடிக்கொண்டு வந்து, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நானும் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். டேபிள் என்று நீங்கள் முதலில் எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றே அத்தைக்குப் போன் செய்திருக்கலாம். ‘மாமாவுக்கு அர்த்தம் தெரியவில்லை’ என்று வீட்டில் எப்படிச் சொல்வது, உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுதிவிடலாம் என்று இருந்தேன். லிஃப்டைப் பற்றிக் கேட்டுப் பதில் வரக் காத்திருந்தேன். உறுதியான பிறகும் கடிதமே எழுதினேன். அது வந்து சேரப் பதினோரு நாள். உங்கள் பையில் இருந்தது இரண்டு நாள். அதற்கு முன்னால் என் பையில் இருந்ததை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பேசாவிட்டாலும் படியுங்கள்.

குருவி


ஜூன் 8

அன்பு மருமகள் குருவிக்கு,

அத்தையின் முழங்கால் பரவாயில்லை. பூனைக்குட்டிகளில் மூன்றை ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்று உன் சித்தப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கிறது. தொட்டியை அடைத்தது கொத்தனார்தான். நான் சிமென்ட் எடுத்துக் கொடுத்தேன்.

உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

போன வாரம் போர்டில் ஒரு நோட்டீஸ் வந்தது. நான் ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வரவில்லை. நெட்டையன்தான் வந்து, “வந்து படிங்க, வேற யாரு இருக்கா?” என்றான். பெட்டிமேல் ஏறாமல் கீழே நின்று படித்தேன். அதில் ‘சாங்ஷன்’ என்று ஒரு சொல். என் அகராதி அனுமதி என்கிறது. ஆனால் வரியைப் பார்த்தால் தண்டனை மாதிரியும் இருக்கிறது. “எனக்குத் தெரியாது. மருமகளைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். முப்பத்தொரு வருடத்தில் இந்த வாக்கியத்தை அந்தக் கூடத்தில் நான் சொன்னதில்லை. எல்லோரும் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார்கள். அந்த வரியை அப்படியே தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அர்த்தத்தை உன் அத்தைக்குப் போனில் சொல். எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் சித்தப்பா வேலைக்குத் திரும்பவில்லை. டப்பாவில் ஒட்டும் லேபிள்களின் பின்பக்கத்தில் எதையோ எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறான். இதன் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். தாளை அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். எழுதுவானோ மாட்டானோ, தெரியாது. உறையை அத்தை ஒட்டுவாள். நான் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

பாப்பா, இடது கை எழுத்து. கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். இனி உன் மாமாவை அகராதி என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று ஆலையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்கள். என்னையும் கேட்டார்கள். டேபிள் பண்ணச் சொன்னேன். எந்த ஊர் அர்த்தத்தில் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் யோசிக்கட்டும்.